மூலக்கூறை நிறுக்கும் தராசு

ஒரு நோய்க்கு மருந்து தேடும் இரசாயன அறிஞர்கள் முன்பெல்லாம் ஒரு பொருளைச் செய்வார்கள், சோதிப்பார்கள், பயன்படாவிட்டால் அடுத்ததைச் செய்வார்கள். இப்படியே காலம் கழிந்துவிடும்.

இத்தாமதத்தைப் போக்க ஹங்கேரி நாட்டு ஆர்பாத் ஃபூர்க்கா ஒரு வழி கண்டு, 1982-ஆம் ஆண்டில் அதை எழுதி நோட்டரியிடம் உறுதி செய்துவைத்தார். புரதங்களின் அடிப்படையான அமினோ அமிலங்கள் 20. நுண்ணிய பிசின் மணிகளை 20 பங்காக்கி, பங்குக்கு ஓர் அமிலமாகக் கோக்க வேண்டும். பிறகு யாவற்றையும் கலந்து, மீண்டும் 20 பங்காக்கி, அடுத்ததைக் கோக்க வேண்டும். மூன்று சுற்றில் 8,000 வகைகள். ஐந்து சுற்றில் 32 இலட்சம்!

அமெரிக்காவின் ரிச்சர்டு ஹவ்டன் 1985-இல் சிறு வலைப்பைகளில் பிசினை அடைத்து, நான்கு வாரத்திற்குள் 248 பெப்டைடுகளைச் செய்தார். அதற்குத் தேநீர்ப்பை முறை என்றே பெயர். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தார் கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள்! அவரிடம் பைக்குப் பை அடையாளம் இருந்தது. ஃபூர்க்காவின் முறையிலோ எல்லாம் கலவை.

செய்வது எளிதாயிற்று, செய்தது இன்னதென்று அறிவதே பெரும்பாடாயிற்று. கலவையில் உரிய பொருள் உருவாகவே இல்லையென்றால்? மருந்தாகியிருக்கக் கூடியதைச் சோதிக்காமலே 'பயனில்லை' என்று தள்ளிவிடுவோம். நோயாளிக்கல்லவா இழப்பு!

இங்கேதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவி கைகொடுத்தது. இது மூலக்கூறுகளின் தராசு. மூலக்கூறுக்கு மின்னூட்டம் தந்து காந்தப்புலத்தில் ஓடவிட்டால், இலேசானது அதிகம் வளையும். கனமானது குறைவாக வளையும். ஜே. ஜே. தாம்சன் 1912-இலேயே நியான் வாயுவில் 20, 22 என இரு எடைகள் இருப்பதை இவ்வகையில் கண்டார். ஆனால் புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை ஆவியாக்கச் சூடேற்றினால் அவை சிதைந்துபோகும். யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஃபென், 1980-களில் கரைசலை மின்னழுத்தம் ஏற்றிய ஊசி வழியே தெளித்தார். துளிகள் காய்ந்ததும் மூலக்கூறுகள் சிதையாமல் மிஞ்சின. 2002-இல், தம் 85-ஆம் வயதில், நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

1993-இல் ஜெர்மனியின் தூபிங்கன் ஆய்வாளர்கள் இம்முறையைக் கொண்டு பெப்டைடுக் கலவைகளை நிறுத்துப் பார்த்தார்கள். வரவேண்டிய எடைகளைக் கணக்கிட்டு, வந்தவற்றோடு ஒப்பிட்டார்கள். பால் நிறுக்கும் இடத்தில் கணக்குப் பார்ப்பதை நாம் அறிவோமே, அதைப் போலத்தான்.

தராசுக்கும் ஓர் எல்லை உண்டு. கிளைசினும் அலனினும் வரிசை மாறிக் கோத்தாலும் மொத்த எடை மாறாது. அப்போது மூலக்கூறை உடைத்துத் துண்டுகளை நிறுக்கிறார்கள், வரிசை புலப்படுகிறது. லியூசினும் ஐசோலியூசினுமோ இம்மியும் பிசகாத ஒரே எடை. அவ்விரண்டையும் பிரித்தறிய வேறு சோதனைகளை நாட வேண்டியிருக்கிறது.