ஈயப்பற்றும் வெள்ளிப்பற்றும்: ஒரு பொம்மை எஞ்சினின் வரலாறு

1970களின் இறுதியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் வட்டாரத்திலிருந்து ஒரு சிறிய நீராவி இரயில் எஞ்சின் விற்பனைக்கு வந்தது. தயாரித்த நிறுவனத்தின் பெயர் மாமாட். மாலின்ஸ், மாடல்ஸ் என்ற இரு சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவாக்கிய பெயர் அது. ஜெஃப்ரி மாலின்ஸ் 1930களில் தொடங்கிய அந்த நிறுவனம், மேசைமேல் நின்றபடி சக்கரம் சுழற்றும் நீராவிப் பொம்மைகளுக்கும், சாலை உருளை, இழுவை எஞ்சின் போன்றவற்றுக்கும் பெயர் பெற்றிருந்தது. தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின் அதற்குப் புதிய முயற்சி. 'எஸ்.எல்.1' என்று பெயரிட்டார்கள். நான்கு சக்கரம், இரண்டு சிலிண்டர், பித்தளைக் கொதிகலன், பளபளக்கும் வண்ணப்பூச்சு. நிஜ உலகில் ஓடிய எந்த எஞ்சினின் சாயலும் அதற்கு இல்லை. குழந்தை வரைந்த இரயில் எஞ்சினைத் தகரத்தில் வெட்டி நிறுத்தியதுபோல இருந்தது என்று சொன்னால் அதை நேசிப்பவர்களும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

ஆனால் அது 32 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடியது. இந்த எண்ணில்தான் கதை இருக்கிறது. ஓர் அடியை 16 மில்லிமீட்டராகச் சுருக்கினால், 32 மில்லிமீட்டர் என்பது இரண்டடி அகலக் குறும்பாதை. வேல்ஸ் மலைகளில் கற்பலகை சுமந்த ஃபெஸ்டினியோக் இரயில் பாதை ஏறக்குறைய அந்த அகலம்தான். 1863 முதல் அதில் நீராவி எஞ்சின்கள் ஓடின. அந்தக் குறும்பாதைகளின்மேல் காதல் கொண்டு, அவற்றை வீட்டுத் தோட்டத்தில் சிறிய அளவில் மறுபடி அமைத்துக்கொள்ள விரும்பிய ஒரு கூட்டம் இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்தது. அவர்களுக்கு உண்மையான நீராவியில் ஓடும் எஞ்சின் வேண்டுமென்றால் இரண்டே வழிகள். ஒன்று, சிறு பட்டறைக் கைவினைஞர்களிடம் பெரும்பணம் கொடுத்துக் காத்திருப்பது. அல்லது கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கித் தாமே செய்துகொள்வது. இந்த இரண்டும் கைகூடாதவர்கள் முன்னால் பொம்மைக் கடைக் கண்ணாடிக்குள் எஸ்.எல்.1 வந்து நின்றது.

வாங்கியவர்கள் வீட்டுக்கு வந்து முதல் நாளே கண்டறிந்தது, அது ஒழுங்காக ஓடவில்லை என்பது. கொதிகலனுக்கு அடியில் ஒரு தட்டு. அதில் வெண்ணிற எரிபொருள் வில்லைகள். தோட்டத்தில் சிறு காற்று வீசினாலே சுடர் ஒரு பக்கம் சாய்ந்து வெப்பம் வீணாகும். வேகத்தைக் கட்டுப்படுத்தத் தனி வால்வு கிடையாது. முன்னும் பின்னும் திசைமாற்றும் நெம்புகோலே அந்த வேலையையும் பார்க்கவேண்டும். ஆகவே அது ஒன்று நிற்கும், அல்லது வெறிபிடித்ததுபோல் ஓடி வளைவில் கவிழும். சிலிண்டர்கள் ஊசலாடும் வகை. அதாவது நீராவியை உள்ளே விடவும் வெளியே அனுப்பவும் தனி வால்வு இன்றி, சிலிண்டரே ஒரு அச்சில் ஆடி, தன் துளையை எதிரேயுள்ள துளையோடு பொருத்தியும் விலக்கியும் கொள்ளும். சிலிண்டரை அந்த முகத்தோடு அழுத்திப் பிடிப்பது ஒரு சுருள்வில். அழுத்தம் கூடினால் வில் தளர்ந்து நீராவி பக்கவாட்டில் கசியும். இது குறையா, அல்லது குழந்தையின் கையில் எதுவும் வெடிக்காமலிருக்கக் கிடைத்த ஒரு பாதுகாப்பா என்ற கேள்வி முக்கியமானது. பின்னர் அதற்கு வருகிறேன்.

வாங்கியவர்கள் பொருளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. திருப்புளியை எடுத்தார்கள்.

இந்தப் பழக்கம் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பித்தளையில் செய்த சிறு நீராவி எஞ்சின்கள் விற்கப்பட்டன. தண்டவாளம் இல்லாமல் கூடத்துத் தரையில் ஓடும். வட்டமாகச் சுற்றிவர முன் சக்கரங்களைச் சற்றுத் திருப்பி வைப்பார்கள். போகும் வழியெல்லாம் தண்ணீர் சிந்தியதால் 'பர்மிங்ஹாம் ஒழுகி' என்று செல்லப்பெயர். சில சமயம் சிந்தியது தண்ணீராக இல்லாமல் எரிகிற ஸ்பிரிட்டாகவும் இருந்தது. கம்பளங்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்த்தாம்ப்டன் நகரத்து பேஸெட்-லோக் இந்த விளையாட்டைக் கனவான்களின் பொழுதுபோக்காக உயர்த்தினார். ஜெர்மனியின் நியூரம்பர்கில் இருந்த பிங் தொழிற்சாலையில் செய்வித்து, ஹென்றி கிரீன்லி என்ற பொறியாளரின் வடிவமைப்பில், நிஜ எஞ்சின்களைப் போலவே தோன்றும் மாதிரிகளை விற்றார். சற்று விலகிச் சொல்வதானால், இந்த பேஸெட்-லோக், தனக்கு அமைந்த ஒரு பழைய ஒடுங்கிய வரிசைவீட்டை அப்படியே ஏற்றுக்கொள்ள மனமில்லாமல், 1916-17-ல் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ் என்ற மேதையைக் கொண்டு உள்ளும் புறமும் மாற்றியமைத்தவர். அந்த வீடு இன்றும் இருக்கிறது. விற்பனையாளருக்கும் இந்த நோய் உண்டு என்பதற்காகக் குறிப்பிட்டேன்.

அவரது நிறுவனத்தின் சிறிய எஞ்சின்கள் பெரும்பாலும் ஸ்பிரிட்டில் எரிந்தன. இவ்வளவு சிறிய கொதிகலனில் நிலக்கரி எரிந்து பயன்தராது என்பது அக்காலத்தின் பொதுக் கருத்து. 1922-ல் 'மாடல் எஞ்சினியர்' இதழின் பக்கங்களில் ஒருவர் இதை மறுத்தார். எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதியவர். தாம் முன்பு வேலைபார்த்த லண்டன்-பிரைட்டன் இரயில் நிறுவனத்தின் முதலெழுத்துகளையே பெயராகச் சூடிக்கொண்டவர். இரண்டரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் தம் 'ஆயிஷா', நிஜ எஞ்சினைப் போலவே நிலக்கரியில் எரிந்து வளர்ந்த மனிதரை உட்காரவைத்து இழுக்கும் என்றார். வாதம் முற்றி, 1924-ல் லண்டனில் நேருக்கு நேர் சோதனையில் முடிந்தது. 'கொதிகலன் போர்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஆயிஷா இழுத்தது. பின்னர் எல்.பி.எஸ்.சி. அதே இதழில் பல பத்தாண்டுகள் வாசகர்களுக்கு எஞ்சின் செய்யக் கற்றுக்கொடுத்தார், 1967-ல் மறைந்தார். ஒரு பொருள் என்னவெல்லாம் செய்யமுடியும் என்று சொல்லும் உரிமை விலைப்பட்டியல் அச்சிடுபவருக்கு மட்டும் இல்லை என்பதை அந்தச் சோதனை நிறுவியது என்று நான் வாசிக்கிறேன்.

எஸ்.எல்.1-ஐப் பிரித்தவர்கள் இந்த மரபில் வந்தவர்கள். ஆனால் எல்.பி.எஸ்.சி. தமது எஞ்சினைத் தாமே முழுதாகச் செய்தவர். இவர்கள் பிறர் செய்ததில் கைவைத்தார்கள். இரண்டும் வேறு வேலைகள். இரண்டாவதற்கு இன்னொருவர் மனத்தை வாசிக்கத் தெரியவேண்டும்.

எரிபொருள் தட்டை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் முதலில் தூக்கியெறிந்தது அதைத்தான். பதிலுக்குத் திரிபோட்ட ஸ்பிரிட் அடுப்பைப் பொருத்தினார்கள். இதில் ஒரு வேடிக்கை: மாமாட் தன் பொம்மைகளில் முன்பு ஸ்பிரிட் அடுப்பைத்தான் வைத்திருந்தது, பாதுகாப்புக் கருதி 1970களில்தான் வில்லைக்கு மாறியது. ஆக, முதல் முன்னேற்றம் ஒரு பின்னோக்கிய பயணம். அடுத்தபடியாக எரிவாயு அடுப்பு வந்தது. வெப்பம் ஏராளம். எஞ்சின் நீண்டநேரம் ஓடியது. இங்கேதான் சிக்கல். மாமாட் வகையான பொம்மைகளில் எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் உண்டு: கொதிகலனை நிரப்பிக்கொள், இத்தனை வில்லைகளை மட்டும் வை, தண்ணீர் தீர்வதற்குள் நெருப்பு அணைந்துவிடும். அதனால் தண்ணீர் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாய்க்கு அவசியமில்லை. கொதிகலனின் இணைப்புகளை ஈயப்பற்றால் ஒட்டினாலும் போதும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை உலோகம் ஈயம் உருகும் அளவுக்குச் சூடாகாது. ஈயப்பற்று 200 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகும். வெள்ளிப்பற்று இளக 600 டிகிரிக்கும் மேலே வேண்டும். விலையைக் குறைவாக வைத்தது இந்த வித்தியாசமும்தான்.

எரிவாயு அடுப்பைப் பொருத்தியவர் அந்த ஒப்பந்தத்தை முறித்துவிடுகிறார். தண்ணீர் தீர்ந்த பின்னும் நெருப்பு எரிகிறது. ஒருநாள் மாலை, ஓட்டம் நன்றாக இருக்கிறதே என்று மகிழ்ந்திருக்கும்போது, இணைப்பு இளகிப் பித்தளை வாய் திறக்கிறது. ஆகவே அடுப்பை மாற்றினால் தண்ணீர்க் கண்ணாடி வேண்டும். அழுத்தம் இருக்கும்போதே தண்ணீர் ஏற்ற ஒருவழி வால்வு வேண்டும். அதற்கும் மேலே போனால் வெள்ளிப்பற்று வைத்த செப்புக் கொதிகலனே வேண்டும். வலுவான கொதிகலன் வந்தபின் அழுத்தத்தைக் கூட்டலாமே என்று தோன்றும். பாதுகாப்பு வால்வை மாற்றுவார். உடனே ஊசலாடும் சிலிண்டரின் சுருள்வில் தளர்ந்து நீராவியைக் கசியவிடும். நான் முன்பு விட்டுவந்த கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. அந்தக் கசிவு அசல் எஞ்சினில் மன்னிக்கப்பட்ட குறை மட்டுமன்று, குறைந்த அழுத்தத்துக்கென்றே அமைந்த ஒரு முழுமையின் பகுதி. வில்லை இறுக்கினால் உராய்வு கூடும். கடைசியில் நிலையாகப் பொருத்திய சிலிண்டர்களையும் தனி வால்வுகளையும் வாங்கவேண்டியதுதான். சிறு பட்டறைகள் இவற்றையெல்லாம் உதிரிப் பாகங்களாக விற்கத் தொடங்கின. ஒரு பொம்மையின் குறைகளை நம்பியே சில தொழில்கள் நடந்தன.

இத்தனை மாற்றங்களிலும் எனக்குப் பிடித்தது மிகச் சிறியது, எண்ணெய் ஊட்டி. கொதிகலனிலிருந்து சிலிண்டருக்குப் போகும் குழாயில் பக்கவாட்டாக ஒரு சிறு கிண்ணத்தை இணைத்து, எண்ணெய் நிரப்பி மூடிவிடுவார்கள். நீராவி ஒரு நுண்துளை வழியே அதற்குள் புகுந்து குளிர்ந்து நீர்த்துளியாகும். நீர் எண்ணெயைவிடக் கனமானது, அடியில் தங்கும். தங்கிய அளவுக்கு எண்ணெய் மேலெழுந்து அதே துளை வழியாக நீராவியோடு கலந்து சிலிண்டருக்குப் போகும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஓட்டம் முடிந்தபின் கிண்ணத்தைத் திறந்தால் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் இருக்கும். எத்தனை தூரம் ஓடினோம் என்பதற்கு அது ஒரு கணக்கு.

அடுப்பு, கொதிகலன், வால்வு, சிலிண்டர் எல்லாம் மாறியபின், தகரக் கூரையை அறுத்து வேல்ஸ் எஞ்சின்களின் சாயலில் புதுக் கூரையும் வைத்து, சக்கரம் வழுக்காமலிருக்க ஈயக்கட்டியும் ஏற்றியபின், மிஞ்சுவது அடிச்சட்டமும் சக்கரங்களும்தான். சில எஞ்சின்களில் அவையும் இல்லை. இதை எஸ்.எல்.1 என்று அழைக்கலாமா? சேகரிப்பாளர்கள் கூடாது என்பார்கள். அவர்களுக்கு வேண்டியது வண்ணம் உரியாத, முடிந்தால் நெருப்பே காணாத எஞ்சின். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எல்லோரும் மாற்றிவிட்டால், பர்மிங்ஹாமில் அந்த ஆண்டுகளில் என்ன யோசித்தார்கள் என்பதற்குச் சான்றே இல்லாமல் போகும். வில்லைக்கும் தண்ணீருக்குமான அந்த ஒப்பந்தத்தை நான் புரிந்துகொள்ள முடிவதும் மாற்றப்படாத எஞ்சின்கள் சில எஞ்சியிருப்பதால்தான். ஆயினும் ஓடாத எஞ்சின்மேல் எனக்குப் பெரிய பிடிப்பு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தப் பிணக்கில் மாற்றியவர்கள் பலர் தாமாகவே ஒரு வழி கண்டார்கள். கழற்றிய எரிபொருள் தட்டு, சுருள்வில் சிலிண்டர்கள், ஈயப்பற்று வைத்த பித்தளைக் கொதிகலன் ஆகியவற்றைத் துடைத்து, வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே வைத்து மூடினார்கள். பழைய எஸ்.எல்.1 விற்பனைக்கு வருகையில், செய்த மாற்றங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, அசல் பாகங்கள் பெட்டியில் உள்ளன என்றும் சேர்த்துக்கொள்வதுண்டு.