எக்ஸாஸ்ட் ஹெடர்

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் புகையைத் தனித்தனிக் குழாய்களில் கொண்டுபோய், சற்றுத் தள்ளி ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பே எக்ஸாஸ்ட் ஹெடர். தொழிற்சாலையிலிருந்து காரோடு வரும் மேனிஃபோல்டு என்ற புகைப்பாதையைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்துகிறார்கள்.

வெளியேற்று வால்வு திறந்ததும் புகையோடு ஓர் அழுத்த அலையும் குழாயில் கிளம்புகிறது. அதன் வேகம் வினாடிக்கு 500 மீட்டருக்கு மேல். குழாய்கள் கூடும் அகன்ற இடத்தை எட்டியதும் அது தாழ்வழுத்த அலையாக மாறி வால்வை நோக்கித் திரும்புகிறது. உள்ளிழு வால்வும் வெளியேற்று வால்வும் சேர்ந்தே திறந்திருக்கும் அந்தக் கணத்தில் அலை வந்து சேர்ந்தால், சிலிண்டரில் தங்கிய எரிந்த வாயுவை உறிஞ்சி எடுத்துவிடும். காலியான இடத்தில் புதிய காற்றும் பெட்ரோலும் நிறையும். கூடுதல் திறன் இதிலிருந்துதான் வருகிறது, சத்தத்திலிருந்து அல்ல.

அலை எப்போது திரும்பும் என்பதைக் குழாயின் நீளமும் எஞ்சினின் சுழற்சி வேகமும் தீர்மானிக்கின்றன. நீளக் குழாய் கீழ், நடுச் சுழற்சிகளுக்கு உதவும்; குட்டைக் குழாய் உச்சச் சுழற்சிக்கு. விட்டம் அளவுக்கு மீறிப் பெருத்தால் புகையின் வேகம் தளர்ந்து பிக்கப் குறையும். 1-3-4-2 வரிசையில் எரியும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் 1-ஐ 4-உடனும், 2-ஐ 3-உடனும் இணைத்துப் பிறகு ஒன்றாக்கும் 4-2-1 அமைப்பு சாலைக்கு ஏற்றது. நான்கையும் ஒரே இடத்தில் கூட்டும் 4-1 பந்தயத்துக்கானது.

தமிழ்நாட்டில் ஹெடருக்குப் பொருத்தமான இடம் பந்தயத் தடம். மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கியவர் கோவை எஸ். கரிவரதன். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே தடம் அவர் பெயரைத் தாங்கியது. அங்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் ஓட்டுநர் எஞ்சினை உச்சச் சுழற்சியிலேயே வைத்திருப்பார். அந்தச் சுழற்சியில் கிடைக்கும் சிறு கூடுதல் திறனும் அவருக்குப் பயன்படும்.

திருவாதவூரிலிருந்து ஒத்தக்கடை வழியாக மதுரைக்கு வரும் கார் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2000-3000 சுழற்சியில்தான் ஓடுகிறது. டிராக்டருக்கும் டவுன் பஸ்சுக்கும் பின்னால் போய், இடைவெளி கிடைத்ததும் முந்த வேண்டிய வண்டிக்குத் தேவை அந்த எல்லையில் இழுவை. பந்தய ஹெடர் அதைத்தான் குறைக்கும்.

தொழிற்சாலை மேனிஃபோல்டையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சுமார் 250-300 டிகிரி செல்சியசில்தான் வேலை தொடங்கும். அது சீக்கிரம் சூடேறவே பல கார்களில் அதை மேனிஃபோல்டோடு சேர்த்து எஞ்சினை ஒட்டி வைக்கிறார்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் போடும் ஹெடர் ஊர்க்காற்றைக் கெடுக்கும். கேஸ்கட்டில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும். எஞ்சின் தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் எஞ்சினிலோ மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. அதில் ஹெடர் போட இடமே கிடையாது.

சட்டமும் உண்டு. சத்தத்திலும் புகையிலும் விதிமீறும் வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டி முதல் முறை பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஹெடர் விற்பவரிடம், எஞ்சின் திறனை அளக்கும் டைனோ கருவியின் தாளைக் கேளுங்கள். பொருத்துவதற்கு முன்னும் பின்னும் அதே காரில் எடுத்த அளவாக அது இருக்க வேண்டும். உச்சத் திறனை மட்டும் பார்க்காமல், 2000-லிருந்து 3000 சுழற்சி வரை இழுவையைக் காட்டும் டார்க் கோடு ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.