கடிதம் வந்து சேராத கார்கள்

ஜப்பானின் தகாட்டா நிறுவனம் 1933 ஆம் ஆண்டில் நெசவுத் தொழிலில் ஆரம்பமானது. பின்னர் பாரசூட், 1960 இல் கார்களுக்கான இருக்கைப் பட்டி, 1980களில் எயார்பாக் எனப்படும் காற்றுப்பை என்று அதன் உற்பத்திகள் விரிந்தன. உயிர்காக்கும் பொருட்களால் பெயர் பெற்ற அந்த நிறுவனமே மோட்டார் வாகன வரலாற்றின் மிகப் பெரிய மீளழைப்புக்குக் காரணமானது என்பது ஒரு விசித்திரம்.

கார் மோதியதும் சிறிய உலோகக் கலனொன்றினுள் உள்ள இரசாயன வில்லைகள் எரிந்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பையை வாயுவால் நிரப்புகின்றன. 2000 ஆம் ஆண்டையொட்டி தகாட்டா அவ்வில்லைகளுக்கு விலை மலிவான அமோனியம் நைத்திரேற்றைத் தெரிவு செய்தது. ஈரத்தை உறிஞ்சும் இந்தப் பொருள், பகலின் வெப்பத்திலும் இரவின் தணிவிலும் ஆண்டுக்கணக்காக மாறிமாறிக் கிடக்கும்போது சிதைவடைகிறது. சிதைந்த வில்லை அளவுக்கு மீறிய வேகத்தில் எரிய, கலன் வெடித்து உலோகத் துண்டுகள் சாரதியின் கழுத்தையும் முகத்தையும் நோக்கிப் பாய்கின்றன. ஆகவே கார் பழசாகப் பழசாக ஆபத்தும் கூடுகிறது. வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த நாடுகளில் விரைவாகவே கூடுகிறது. அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாக உறுதிசெய்யப்பட்ட மரணம் 2014 ஜூலையில் மலேசியாவில் நிகழ்ந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. இறந்தவர் ஒரு கர்ப்பிணிப் பெண்.

ஹொண்டா முதலாவது மீளழைப்பை 2008 நவம்பரில் அறிவித்தபோது சம்பந்தப்பட்டவை சுமார் 4,000 கார்கள் மாத்திரமே. பின்னர் அது படிப்படியாக விரிந்து, உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடிக் கலன்களைத் தொட்டது. பரிசோதனைத் தரவுகளைத் திரித்த குற்றத்தை ஒப்புக்கொண்ட தகாட்டா, 2017 ஜூனில் வங்குரோத்து அடைந்தது.

என்னை அதிகம் சிந்திக்க வைப்பது வேறொரு சம்பவம். 2016 ஜூனில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகள், 2001 முதல் 2003 வரையிலான குறிப்பிட்ட ஹொண்டா, அக்யூரா கார்களின் கலன்கள் விபத்தில் வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை இருக்கலாம் எனக் கூறி, திருத்தும் வரை அவற்றை ஓட்டவே வேண்டாம் என்று எச்சரித்தனர். மூன்றே மாதங்களில் கலிபோர்னியாவின் ரிவர்சைட்டில் 2001 ஆம் ஆண்டுச் சிவிக் காரொன்றில் ஒரு பெண் கொல்லப்பட்டார். அந்தக் கார் 2008 முதல் மீளழைப்புப் பட்டியலில் இருந்தது. கடிதங்கள் பல அனுப்பியதாக ஹொண்டா கூறியது. திருத்தவேலை மட்டும் நடக்கவேயில்லை.

மீளழைப்புக் கடிதம் பதிவேட்டில் உள்ள பெயரையும் முகவரியையும் தேடியே செல்கிறது. கார் மூன்று கை மாறிவிட்டால் கடிதம் முதலாமவரின் வீட்டுக் குப்பையில் சேரும். இலங்கை போன்ற நாடுகளில் ஓடும் ஜப்பானிய ரீகண்டிஷன் கார்களின் நிலை இன்னும் மோசம். ஏற்றுமதியோடு ஜப்பானியப் பதிவு முடிந்துவிடுகிறது. திருத்தப்படாத தகாட்டா கார்கள் சிலவற்றுக்கு 2018 மே முதல் ஜப்பான் தகுதிச் சான்றிதழை மறுத்தது. அதற்கு முன்னரே கப்பலேறியவற்றை யார் கேட்பது?

எனவே பழைய கார் வைத்திருப்பவர் கடிதத்துக்குக் காத்திராமல், பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கத்தை எடுத்துக்கொண்டு தாமே தேடிச் செல்லவேண்டும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகத் தயாரான கார்களுக்கு 17 எழுத்து இலக்கம் கிடையாது. அமெரிக்க இணையத்தளத்தில் தேடினால் பயனில்லை. தயாரிப்பாளரின் ஜப்பானியத் தளத்திலேயே பார்க்கவேண்டும். உள்ளூர் முகவர், தாம் இறக்குமதி செய்யாத காரை ஏற்பாரா, கட்டணம் அறவிடுவாரா என்பதை எழுத்திலேயே கேட்டுப் பெறுவது நல்லது.

ஒருமுறை பார்த்ததோடு நின்றுவிடவும் கூடாது. 2010 இல் பட்டியலில் இல்லாத கார் 2015 இல் சேர்ந்திருக்கலாம். ஆரம்பத்தில் மாற்றிக் கொடுக்கப்பட்ட கலன்களில் சில அதே வகையைச் சேர்ந்தவை என்பதால் மீண்டும் மாற்றவேண்டியிருந்தன. சாரதிப் பக்கம் திருத்தப்பட்ட காரில் அருகிலுள்ள இருக்கையின் பை எஞ்சியிருக்கலாம்.

பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகம் வாங்கிப் பழகியவர்களுக்கு இன்னுமொரு செய்தி. 2017 மார்ச்சில் லாஸ் வேகாஸில் ஓர் இளம்பெண்ணின் கழுத்தைக் கிழித்த கலன், அவரது 2002 ஆம் ஆண்டு அக்கோர்ட் காருக்கு உரியதே அல்ல. கழிக்கப்பட்ட 2001 ஆம் ஆண்டுக் காரொன்றிலிருந்து கழற்றிப் பூட்டப்பட்டது அது.