மார்கரெட் ரூதர்ஃபோர்டு: எள்ளல் இல்லாத நகைச்சுவை

நோயல் கோவர்ட் 1941இல் எழுதிய 'பிளைத் ஸ்பிரிட்' நாடகத்தில் மேடம் ஆர்காட்டி வேடத்துக்கு அழைத்தபோது நடிகை மார்கரெட் ரூதர்ஃபோர்டு உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆர்காட்டி, ஆவிகளை வரவழைத்துப் பேசும் பெண்மணி. அப்படிப்பட்டவர்களிடம் ரூதர்ஃபோர்டுக்கு உண்மையான மதிப்பு இருந்தது. அவர்களைக் கேலிப்பொருள் ஆக்கும் வேடம் தமக்கு ஆகாது என்று தயங்கினார். பிறகு இசைந்தார். இசைந்தபின் அந்தப் பெண்மணியை ஓரிடத்திலும் தாழ்த்தாமல் நடித்தார். போர்க்கால லண்டனில் அரங்கேறிய அந்த நாடகம் மொத்தம் 1,997 காட்சிகள் ஓடியது. 1945இல் டேவிட் லீன் அதைத் திரைப்படமாக எடுத்தபோதும் ஆர்காட்டியாக வந்தவர் அவரே.

அந்தப் படத்தில் ஆர்காட்டி அம்மையார் சைக்கிளில் வந்து இறங்குவார். இசைத்தட்டைச் சுழலவிட்டு, விளக்கை அணைக்கச் செய்து, மும்முரமாகத் தம் வேலையில் இறங்குவார். தாம் கூப்பிட்ட ஆவி உண்மையிலேயே வந்துவிட்டது என்று பின்னால் தெரியவரும்போது அந்த முகத்தில் ஒரு பூரிப்பு பொங்கும். பள்ளியில் முதல் பரிசு வாங்கிய சிறுமியின் பூரிப்பு அது. உடனேயே இன்னொரு செய்தி காதில் விழும். விருந்துக்குத் தம்மை அழைத்ததே, நாவலாசிரியர் ஒருவர் தம் கதைக்காகத் தொழில் நுணுக்கங்களைத் தெரிந்துகொள்ளத்தான் என்ற செய்தி. முகவாய் மேலே எழும். கன்னத்துச் சதை நடுங்கும். குரல் சட்டென்று இறுகும். அரங்கில் சிரிப்பு எழும் இடம்தான் அது. ஆனால் அந்த அவமானம் நம் நெஞ்சையும் தைக்கிறது. ஒரே கணத்தில் இரண்டையும் செய்துகாட்டியதுதான் ரூதர்ஃபோர்டின் தனிச்சிறப்பு.

நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்த தொல்காப்பியர், எள்ளலையே முதலில் வைத்தார். மேடைச் சிரிப்பிலும் திரைச் சிரிப்பிலும் பெரும்பகுதி அந்த முதல் வகையைச் சேர்ந்ததுதான். ரூதர்ஃபோர்டிடம் அது அறவே இல்லை. பருத்த உடல், தளர்ந்த தாடை, தோளில் போர்வை போன்ற மேலங்கி என்று எள்ளலுக்கு வேண்டியதெல்லாம் கைவசம் இருந்தும் அவர் அதைத் தொடவில்லை. 1949இல் வந்த 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ'வில் அவர் வரலாற்றுப் பேராசிரியை. லண்டனின் ஒரு பகுதி சட்டப்படி பர்கண்டிக் கோமகனுக்கு உரியது என்று காட்டும் பழைய ஆவணம் கிடைக்கிறது. அதன் விளைவாக ஊரே தலைகீழாகப் போகிறது. பேராசிரியையின் கண்ணில் படுவதோ ஆவணம் மட்டும்தான். ஆராய்ச்சியில் தோய்ந்தவர்கள் அந்தப் பரவசத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இத்தனை சிரிப்பைத் தந்தவரின் பிறப்பும் வளர்ப்பும் துயரம் தோய்ந்தவை. தந்தை வில்லியம் ரூதர்ஃபோர்டு பென், மனநிலை பிறழ்ந்த நிலையில் 1883இல் தம் தந்தையையே, சமயப் போதகரான ஜூலியஸ் பென்னைக் கொன்றவர். பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் வைக்கப்பட்டு 1890இல் விடுவிக்கப்பட்டார். பென் என்ற குடும்பப் பெயரைக் கைவிட்டார். 1892 மே 11 அன்று லண்டன் பாலமில் மார்கரெட் பிறந்தார். பழைய களங்கம் எட்டாத இடத்தில் புதுவாழ்வு தொடங்கலாம் என்று அக்குடும்பம் கடல் கடந்து வந்து சேர்ந்த இடம் நம் சென்னை. அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. மீண்டும் கருவுற்றிருந்த தாய் மரத்தில் தூக்கிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று வயதுக் குழந்தை இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, விம்பிள்டனில் தாயின் சகோதரி பெஸ்ஸி நிக்கல்சனின் கையில் வளர்ந்தது. அப்பா இறந்துவிட்டார் என்றே சிறுமிக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அவர் உயிரோடு மீண்டும் பிராட்மூரில் இருக்கிறார் என்பது பன்னிரண்டு வயதளவில் தெரியவந்தது. தமக்கும் அந்த நோய் வந்துவிடுமோ என்ற அச்சம் கடைசிவரை அவரை விடவில்லை. மனச்சோர்வு அடிக்கடி வந்து வாட்டியது. பைத்தியம் என்று ஊர் ஒதுக்கக்கூடிய பாத்திரங்களை அவர் ஏன் அத்தனை பரிவோடு நடித்தார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

பியானோவும் பேச்சுப் பயிற்சியும் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவரால், பெஸ்ஸி விட்டுச்சென்ற பணத்தில்தான் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் சேர முடிந்தது. தொழில்முறை நடிகையாக முதன்முதலில் மேடை ஏறிய 1925இல் அவருக்கு வயது 33.

உலகம் அவரை அறிந்தது அகதா கிறிஸ்டியின் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளாக. 1961இன் 'மர்டர் ஷி செட்' தொடங்கி நான்கு படங்கள், நான்கையும் இயக்கியவர் ஜார்ஜ் பொல்லாக். கொலைக் கதையில் நடிக்க முதலில் அவருக்கு மனமில்லை. கிறிஸ்டி எழுதிய மார்ப்பிள் மெலிந்த, அமைதியான கிராமத்து மூதாட்டி. ரூதர்ஃபோர்டோ ரயில் பாதை ஊழியர் வேடத்தில் தண்டவாள ஓரம் தடயம் தேடுவார், பணிப்பெண்ணாக மாளிகைக்குள் நுழைவார், 'மர்டர் அஹாய்' படத்தில் வாள் பிடித்துச் சண்டையும் போடுவார். கிறிஸ்டிக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை. ஆயினும் 1962இல் வெளிவந்த தம் நாவலை ரூதர்ஃபோர்டுக்குப் பாராட்டோடு காணிக்கையாக்கினார். கதைக்குப் படம் விசுவாசமாக இல்லை என்று குறைப்படுபவர்களோடு நான் வாதிட மாட்டேன். கதை நினைவில் மங்கிய பிறகும் அந்த அம்மையார் நினைவில் நிற்கிறார் என்பதை மட்டும் சொல்வேன். 'மர்டர் ஷி செட்' படத்தில் ஒரு சிறு வேடத்தில் வரும் ஜோன் ஹிக்சன்தான் 1984 முதல் பிபிசி தொலைக்காட்சியில் மார்ப்பிளாகப் புகழ்பெற்றார்.

நான்கு படங்களிலும் மார்ப்பிளுக்குத் துணையாக அலையும் மிஸ்டர் ஸ்ட்ரிங்கர், கிறிஸ்டியின் எந்த நூலிலும் கிடையாது. நடித்தவர் ரூதர்ஃபோர்டின் கணவர் ஸ்ட்ரிங்கர் டேவிஸ். பல ஆண்டுகள் காத்திருந்து 1945இல்தான் இருவரும் மணந்துகொண்டார்கள். மணமகளுக்கு வயது 52. 'இது வேண்டாம், ஆபத்து' என்று பதறிக்கொண்டே மார்ப்பிள் சொன்னதையெல்லாம் செய்துமுடிக்கும் அந்த நண்பரைத் திரையில் பார்க்கும்போது, நடிப்பு எங்கே முடிந்து வாழ்க்கை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது கடினம்.

'தி வி.ஐ.பி.ஸ்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருது 71 வயதில் கிடைத்தது. 1967இல் 'டேம்' பட்டம் வந்தது. அதற்குள் நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது. 1966இல் 'தி ரைவல்ஸ்' நாடகத்திலிருந்து பாதியில் விலக நேர்ந்தது. அல்சைமர் நோய் முற்றிய ஆண்டுகளில் கணவர்தான் அருகிருந்து பேணினார். 1972 மே 22 அன்று ரூதர்ஃபோர்டு காலமானார். அடுத்த ஆண்டு டேவிஸும் மறைந்தார்.

இவரை இதுவரை பார்த்திராதவர்கள் மார்ப்பிள் படங்களில் தொடங்க வேண்டாம். முதலில் 'பிளைத் ஸ்பிரிட்' பாருங்கள். ஆர்காட்டி அம்மையார் மனம் புண்படும் காட்சியை மட்டும் இன்னொரு முறை ஓடவிட்டுப் பாருங்கள்.