கடவுச்சொல்லிலிருந்து டோக்கனுக்கு: ஓஆத் நெறிமுறையின் வரலாறு

தரவுப் பகுப்பாய்வுத் தளம் ஒன்றுக்கு வேண்டிய தரவு பெரும்பாலும் வேறு நிறுவனங்களின் கணினிகளில்தான் இருக்கும். விற்பனைக் கணக்கு ஓரிடத்தில், விளம்பரச் செலவு இன்னோரிடத்தில், வாடிக்கையாளர் பட்டியல் மூன்றாவது இடத்தில் என்று பிரிந்து கிடக்கும். ஒரு நிரல் இன்னொரு நிரலிடமிருந்து இவற்றைக் கேட்டுப் பெறும் வாசலை ஏபிஐ (செயலி நிரலாக்க இடைமுகம்) என்கிறோம். வாசலில் நிற்கும் நிரலை யார் அனுப்பினார்கள், அது எதுவரை உள்ளே போகலாம் என்பதை முடிவு செய்ய இன்று மிகப் பரவலாகப் பயன்படுவது ஓஆத் என்னும் நெறிமுறை.

கடவுச்சொல்லையே கொடுத்த காலம்

2000ஆம் ஆண்டில் சேல்ஸ்போர்ஸ், ஈபே ஆகிய நிறுவனங்கள் தங்கள் ஏபிஐக்களை வெளி நிரலாளர்களுக்குத் திறந்துவிட்டன. அடுத்த சில ஆண்டுகளில் இத்தகைய வாசல்கள் பெருகின. ஆனால் பயனரின் சார்பில் உள்ளே போக விரும்பிய பல தளங்களுக்கு ஒரே வழிதான் இருந்தது: பயனரிடமே அவருடைய கடவுச்சொல்லை வாங்கிக்கொள்வது. நண்பர்களைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று சொன்ன தளங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்டன. 2007இல் தொடங்கிய மிண்ட் என்ற அமெரிக்கத் தளம் வீட்டு வரவு செலவைப் பகுத்துக் காட்டியது. அதற்கு வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியிருந்தது. மக்களும் கொடுத்தார்கள்.

இதிலுள்ள ஆபத்து பலருக்கும் புரியவில்லை. முகவரிப் பட்டியலைப் படிக்க மட்டும் அழைக்கப்பட்ட தளத்துக்கு, மின்னஞ்சல்களை அழிக்கவும் முடியும். அதனிடமிருந்து உரிமையைத் திரும்பப் பெற வேண்டுமானால் கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும். மாற்றினால் மற்ற எல்லா இணைப்புகளும் அறுந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. நன்றாக நடத்தப்படும் தளம் தன் பயனரின் கடவுச்சொல்லைத் திருப்பிப் படிக்க முடியாதபடி உருமாற்றித்தான் சேமிக்கும். இரவல் வாங்கிய தளமோ அதை மீண்டும் மீண்டும் பயன்படுத்த வேண்டியிருப்பதால், மீட்டெடுக்கக்கூடிய வடிவத்தில் வைத்திருந்தாக வேண்டும். அங்கே திருட்டு நடந்தால் கடவுச்சொற்களும் சேர்ந்து போகும்.

ஓஆத் பிறந்தது

ஃபிளிக்கர், கூகுள், யாகூ ஆகியவை இதற்குத் தனித்தனியே தீர்வு வைத்திருந்தன. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றுக்கு உதவாது. 2006 நவம்பரில் ட்விட்டரில் பணியாற்றிய பிளெய்ன் குக், கிறிஸ் மெசினா, மக்னோலியா தளத்தின் லாரி ஹாஃப், டேவிட் ரெகார்டன் ஆகியோர் கூடிப் பேசியபோது, ஏபிஐ அனுமதிக்கென்று பொதுவான திறந்த தரநிலை எதுவும் இல்லை என்பது தெரிந்தது. 2007 ஏப்ரலில் சிறு குழு ஒன்று அமைந்தது. எரான் ஹாமர் பின்னர் சேர்ந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஓஆத் 1.0 வெளியானது.

அதன் முறை எளிது. வெளித் தளம் பயனரைத் தரவு இருக்கும் தளத்துக்கு அனுப்பும். அவர் அங்கேயே கடவுச்சொல்லை இட்டு, சம்மதம் தெரிவிப்பார். வெளித் தளத்துக்குக் கிடைப்பது ஒரு டோக்கன் மட்டுமே. ஒவ்வொரு கோரிக்கையையும் அந்த நிரல் தன் இரகசியத்தைக் கொண்டு கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும்.

2009 ஏப்ரலில் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. அனுமதிக் கோரிக்கையைத் தொடங்கிய ஒருவன், அதன் இணைப்பை வேறொருவருக்கு அனுப்பிச் சம்மதம் பெற்று, அவருடைய தரவைத் தன் கணக்கோடு சேர்த்துக்கொள்ள முடிந்தது. கையொப்பக் கணிதம் சரியாகவே இருந்தது. தொடங்கியவரும் முடித்தவரும் ஒருவரே என்று சரிபார்க்கும் படி மட்டும் விடுபட்டிருந்தது. ஜூனில் வந்த 1.0ஏ பதிப்பு அதைச் சேர்த்தது. 2010 ஆகஸ்ட் இறுதியிலிருந்து ட்விட்டர் எல்லா வெளிச் செயலிகளுக்கும் ஓஆத்தைக் கட்டாயமாக்கியது.

இரண்டாம் பதிப்பும் ஒரு விலகலும்

கையொப்பம் நிரலாளர்களைப் பாடாய்ப்படுத்தியது. ஓர் எழுத்து மாறினாலும் கோரிக்கை நிராகரிக்கப்படும். 2012 அக்டோபரில் வந்த ஓஆத் 2.0 அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. அதன் வழக்கமான டோக்கன் சினிமா டிக்கெட் போன்றது. கையில் வைத்திருப்பவரை உள்ளே விடுவார்கள். வழியில் யாரும் பார்த்துவிடாமல் காப்பது டிஎல்எஸ் மறையாக்கத்தின் பொறுப்பு. இதை ஏற்காத ஹாமர், அதற்குச் சில மாதங்கள் முன்பு தலைமை ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகித் தன் பெயரையும் ஆவணத்திலிருந்து நீக்கச் செய்தார். புதிய பதிப்பு பாதுகாப்புக் குறைந்தது, பெருநிறுவனங்களின் தேவைக்கு வளைந்தது என்பது அவருடைய வாதம்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனாலும் பகுப்பாய்வுத் தளங்களுக்கு 2.0 தந்த வசதிகள் பெரியவை. படிக்க மட்டும் என்று வரம்பு வகுக்கலாம். குறுகிய ஆயுள் டோக்கனும், அதைப் புதுப்பிக்க வேறொரு டோக்கனும் தரலாம். நள்ளிரவில் ஆளில்லாமல் ஓடும் தரவுப் பணிக்கு, நிரலே தன் பெயரில் அனுமதி பெறலாம். வியப்பு என்னவென்றால், கடவுச்சொல்லை நேரடியாக வாங்கிக்கொள்ளும் பழைய வழியையும் 2.0 ஒரு மூலையில் வைத்திருந்தது. 2025 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 9700 என்ற பாதுகாப்பு வழிகாட்டிதான் அதைக் கூடவே கூடாது என்றது.

திருடப்பட்ட டோக்கன்கள்

டோக்கனைத் திருடியவனையும் உள்ளே விடும் குறைக்கு, 2023இல் டிபாப் என்ற முறை தரநிலையானது. அடையாள அட்டையோடு காட்ட வேண்டிய ரயில் முன்பதிவுச் சீட்டைப் போல, டோக்கனோடு அதற்குரிய திறவுகோலால் இட்ட கையொப்பமும் வேண்டும். 2012இல் கைவிட்டது வேறு வடிவில் திரும்பி வந்தது.

ஆனால் அது இன்னும் எங்கும் பரவவில்லை. 2025 ஆகஸ்டில் டிரிஃப்ட் என்ற உரையாடல் செயலியின் ஓஆத் டோக்கன்களைத் திருடியவர்கள், அதனோடு இணைந்திருந்த நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் சேல்ஸ்போர்ஸ் தரவை அள்ளினர். கடவுச்சொல்லோ ஓடிபியோ குறுக்கே வரவில்லை. டோக்கன் என்பது அவற்றைக் கடந்த பிறகு கிடைப்பது. ஆகஸ்ட் 20 அன்று அந்தச் செயலியின் டோக்கன்கள் அனைத்தும் செல்லாதவையாக்கப்பட்டன. அதோடு வேலை முடியவில்லை. எடுக்கப்பட்ட வாடிக்கையாளர் உதவிப் பதிவுகளுக்குள்ளேயே வேறு சேவைகளின் கடவுச்சொற்களும் திறவுகோல்களும் இருந்தன. திருடியவர்கள் தேடியதும் அவற்றைத்தான். பாதிக்கப்பட்ட நிறுவனங்களில் ஒன்றான கிளவுட்ஃபிளேர், அப்படித் தன் பதிவுகளில் கிடந்த 104 ஏபிஐ டோக்கன்களைக் கண்டெடுத்து எல்லாவற்றையும் மாற்றியது.