குழி மூடும் நாளுக்கு முன்

கொல்லிமலையில் நிலக்கரி கிடையாது, பாக்சைட் உண்டு. அங்கே வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை மின்சாரத்தை விழுங்கியது. ஒரு டன் அலுமினியம் உருக்க ஏறக்குறைய 14,000 யூனிட் வேண்டும். அதற்காகவே ஆலை சொந்தமாக நிலக்கரி மின்நிலையம் கட்டிக்கொண்டது. 2008இல் உருக்காலை மூடப்பட்டது. இன்று மலையில் பாக்சைட் லாரிகள் இல்லை. ஆனால் மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சாமையும் தினையும் மரவள்ளியும் மிளகும் விளையும் நிலம் மிஞ்சியிருக்கிறது.

நெய்வேலியில் அப்படித் திரும்பிப் போக நிலமில்லை. வயல்தான் குழியானது.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் போட்ட ஆழ்கிணற்றில் தண்ணீரோடு கறுப்புத் துகள்கள் வந்தன. அது பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது; 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்; 1961இல் கரி கண்ணில் பட்டது; மறு ஆண்டே சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. ஊர் ஊராகப் பெயர்ந்தது. நிலம் கொடுத்த வீடுகள் கேட்டது இழப்பீட்டோடு ஒரு நிரந்தர வேலை. பல வீடுகளுக்குக் கிடைத்ததோ ஒப்பந்த வேலை. அதே சுரங்கத்தில், அதே வெயிலில், வேறு சம்பளத்துக்கு.

600 மெகாவாட் கொண்ட அந்த முதல் நிலையம் 2020இல் ஓய்ந்தது. பக்கத்திலேயே 1,000 மெகாவாட்டில் புதியது வந்துவிட்டதால் அதிர்ச்சி பெரிதாகத் தெரியவில்லை. அதுவும் கரியில் ஓடுவதுதான். இதே நிறுவனம் சூரிய மின்சாரத்திலும் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் சூரியத் தகடுகளுக்குச் சுரங்கமும் வேண்டாம், கொதிகலனும் வேண்டாம். துடைக்கவும் காவல் காக்கவும் சிலர் போதும். கரி தந்த அளவு வேலையை அது தராது.

ஜெர்மனியில் லௌசிட்ஸ் பகுதியும் பழுப்பு நிலக்கரியை நம்பியதுதான். 2038க்குள் நிலக்கரியைக் கைவிட 2020இல் அங்கே சட்டம் போட்டபோதே, கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கினார்கள். 58 வயதைத் தொட்ட தொழிலாளிக்கு ஓய்வூதியம் வரும்வரை கைகொடுக்கும் தொகையும் உண்டு. மூடும் தேதியும் பணமும் ஒன்றாக வந்தன. நெய்வேலிக்கு அந்தத் தேதியே இன்னும் குறிக்கப்படவில்லை. மாறாக, 2023 ஜூலையில் நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில் நெற்பயிருக்குள் மண் வெட்டும் இயந்திரங்கள் இறங்கின, சுரங்கத்துக்கான வாய்க்கால் வெட்ட.

தேதி குறிக்கும்போது முதலில் எண்ண வேண்டியவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களும் நிலம் கொடுத்தவர்களுமே. அடுத்தது தண்ணீர். கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றை இரவும் பகலும் பம்புகள் இறைக்கின்றன. இல்லையென்றால் குழி மூழ்கிவிடும். அந்த நீர்தான் அருகிலுள்ள வாலாஜா ஏரிக்கும் போய்ப் பயிராகிறது. பம்பு நிற்கும் நாளில் அந்த வயல்களுக்கு நீர் எங்கிருந்து வரும் என்பதை, ஏரிப் பாசனக்காரர்களோடு உட்கார்ந்து இப்போதே பேசியாக வேண்டும்.