மடக்கு வாளி: கவலைச் சாலிலிருந்து கார் டிக்கி வரை

கார் சாமான் விற்கிற கடைகளில் இப்போதெல்லாம் மடக்கு வாளி ஒன்று கிடைக்கிறது. சிலிக்கான் சுவர், மேலே ஒரு பிளாஸ்டிக் வளையம், கைப்பிடி. விரித்தால் பத்து லிட்டர் பிடிக்கும். அமுக்கினால் இரண்டு மூன்று விரல் கனத்துக்குத் தட்டையாகி, டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் படுத்துக்கொள்ளும். நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், நல்ல சாமான். ஆனால் அட்டையில் 'புதுமையான கண்டுபிடிப்பு'ன்னு போட்டிருக்கான் பாருங்க, அந்த வார்த்தையில்தான் எனக்குத் தகராறு.

மடங்குகிற வாளி, மடங்காத தகர வாளியைவிடப் பழசு. ரொம்பவே பழசு. இரும்புத் தகட்டுக்குத் துத்தநாகம் பூசும் முறைக்கு பிரான்ஸில் ஸோரெல் காப்புரிமை வாங்கியதே 1837இல்தான். நாம் கிணற்றடியில் பார்த்து வளர்ந்த தகர வாளியெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னால் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு தூரம் போனவர்கள் பெரும்பாலும் எடுத்துப்போனது மடித்துச் சுருட்டக்கூடிய ஒன்றைத்தான்.

முதலில் இந்தப் பண்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். காலியாக இருக்கும்போது துவளணும், நிறைந்ததும் விறைப்பா நிக்கணும். கேட்டால் முரண்பாடு மாதிரி இருக்கும். ஆனால் பாதி வேலையைத் தண்ணீரே செய்துவிடுகிறது. உள்ளே போன தண்ணீர் சுவரை வெளிப்பக்கம் தள்ளும், சுவர் இழுபட்டு விறைக்கும். நாம் செய்ய வேண்டியது இரண்டுதான்: வாயைத் திறந்தபடி பிடிக்க ஒரு வளையம், மடித்தாலும் ஒழுகாத ஒரு பொருள். வளையம் சுலபம். அந்தப் பொருளைத் தேடியதுதான் மடக்கு வாளியின் மொத்த வரலாறும். சிலிக்கான் அந்த வரிசையில் கடைசி. 1940களில்தான் அது தொழிற்சாலைப் பொருளாகவே ஆனது. இன்றைய வாளியில் தடித்த பட்டையும் மெல்லிய பட்டையும் மாறி மாறி வரும். மெல்லிய பட்டைதான் கீல். கிழிந்தாலும் முதலில் கிழிவது அங்கேதான்.

காருக்கு வாளி எதற்கு? இன்றைக்கு வண்டி கழுவ, மலைக்குப் போனால் பாத்திரம் அலம்ப, குழந்தை வாந்தி எடுத்தால் பிடிக்க. அந்தக் காலத்தில் வண்டி ஓடுவதற்கே வேண்டியிருந்தது. ஃபோர்டின் மாடல் டி 1908 முதல் 1927 வரை வந்த வண்டி. ஆரம்பத்தில் வந்த கொஞ்ச வண்டிகளைத் தவிர மற்றதிலெல்லாம் தண்ணீர் பம்பே கிடையாது. சூடான நீர் தானாக மேலே ஏறும், ஆறிய நீர் கீழே இறங்கும், அவ்வளவுதான் ஏற்பாடு. ரேடியேட்டர் மூடியும் அழுத்தம் தாங்குகிற மூடி கிடையாது. அதனால் நூறு டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். இன்றைய வண்டியில் ஒரு பார் அளவுக்கு அழுத்தம் ஏற்றி மூடிவிடுவதால், வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். அந்த மூடி வருவதற்கு முன்னால், மேடு ஏறினால் ஓரம் கட்டு, ஓடையைத் தேடு, தண்ணீர் மொண்டு ஊற்று. மொண்டுவர ஒரு பாத்திரம் வேண்டும், வண்டியிலோ இடம் இல்லை. கித்தான் வாளி காருக்குள் வந்தது இப்படித்தான்.

அமெரிக்காவில் மோஹாவே பாலைவனத்தைக் கடந்து போனவர்கள் வாளியோடு ஒரு கித்தான் பையையும் எடுத்துப்போனார்கள். வண்டியின் முன்பக்கம் அந்தப் பை தொங்கும். 1930, 40களின் பழைய போட்டோக்களில் நிறையவே பார்க்கலாம். கித்தான் எப்படி ஒழுகாமல் இருக்கும்? ஆளி நாரில் நெருக்கமாக நெய்த துணி நனைந்ததும் இழைகள் ஊதிப் பருத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். முதல் சில நிமிஷம் சொட்டும், அப்புறம் நின்றுவிடும். முழுசாகவும் நிற்காது. வெளிப்பக்கம் எப்போதும் லேசான ஈரம் இருக்கும், காற்றுப்பட்டு அது ஆவியாகும்போது உள்ளே தண்ணீர் குளிர்ந்துவிடும். நம்ம மண்பானைக் கணக்குதான். வட இந்தியாவில் சாகல் என்று இதே பை உண்டு. ராஜஸ்தான் வெயிலில் பிரமாதமா வேலை செய்யும். காற்றில் ஏற்கெனவே ஈரம் ஊறிப்போன சென்னையில் அந்த அளவுக்கு எடுபடாது.

கார் இந்த வாளியைக் கடன் வாங்கியது குதிரைப்படையிடம். ஒரு குதிரை நாளைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். முதல் உலகப்போரில் லட்சக்கணக்கான குதிரை, கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது. தகர வாளியைச் சேணத்தில் கட்டினால் கடகடவென்று சத்தம் போடும், எடையும் கூட. கித்தானை மடித்துச் செருகிவிடலாம். குதிரை போய் ஜீப் வந்தபோதும் வாளி போகவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்த வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளில் பலவற்றின் பின்னால் ஒரு கித்தான் வாளி தொங்கியது.

கித்தானுக்கு முன்னால் தோல். இங்கிருந்து கதை நம்ம ஊருக்கு வந்துவிடுகிறது.

தோல் நீர்ப்பை உலகம் முழுக்க இருந்தது. தமிழ் பைபிளில் திராட்சரசத்துக்கும் தண்ணீருக்கும் வருகிற துருத்தி அதுதான். வடக்கே மஷக். முழு ஆட்டுத்தோலைத் தைத்து, கழுத்துப் பக்கத்தை வாயாக வைத்த பை. அதைச் சுமப்பவர் பிஷ்டி. 1539இல் சௌசாப் போரில் ஷேர் ஷாவிடம் தோற்ற ஹுமாயூன் கங்கையில் முழுகப் போனபோது, நிஜாம் என்ற பிஷ்டி தன் மஷக்கில் காற்றை நிரப்பி மிதக்கவிட்டு அவரைக் கரை சேர்த்தார் என்பார்கள். பதிலுக்கு அவரைக் கொஞ்ச நேரம் அரியணையில் உட்கார வைத்தாராம் பாதுஷா. தண்ணீர் ஊற்றினால் வாளி, காற்று ஊதினால் மிதவை. ஒரே பொருள், இரண்டு பயன்.

தமிழ்நாட்டில் தோல் வாளிக்கு வேலை வயலில்தான். கொங்குப் பக்கம் கவலை, மதுரை, நெல்லைப் பக்கம் கமலை. (கவலை என்ற பேருக்கும் மனக்கவலைக்கும் சம்பந்தம் உண்டான்னு கேட்காதீங்க. கரண்ட் கட் ஆன விவசாயிகிட்ட கேட்டா உண்டும்பார்.) பம்பு செட் காலத்தில் பிறந்தவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கிணற்று ஓரத்தில் இரண்டு கல் தூண், மேலே ஒரு உருளை. அதன் வழியாக வடக்கயிறு. ஒரு முனையில் தோல் சால், மறு முனையில் ஒரு ஜோடி மாடு. மாடு நடக்கிற பாதை கிணற்றிலிருந்து விலக விலகச் சரிந்துகொண்டே போகும், அதனால் மாட்டின் எடையும் இழுவைக்கு உதவும். சாலின் அடியில்தான் சூட்சுமம். அங்கே மூடிய அடிப்பாகம் கிடையாது. யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் தொங்கும். அதன் நுனியில் இரண்டாவது கயிறு, வால்கயிறு. சால் கிணற்றுக்குள் இருக்கிற வரைக்கும் வால்கயிறு குழாயை மேல்நோக்கி மடக்கிப் பிடித்திருக்கும். குழாயின் நுனி சாலின் விளிம்பு உயரத்துக்கு நிற்பதால் தண்ணீர் வெளியே போகாது. சால் மேலே வந்ததும் வடக்கயிறு அதை உயரத் தூக்கும், வால்கயிறோ தாழ்வாக இருக்கிற இன்னொரு உருளை வழியாகக் குழாயின் நுனியை வாய்க்கால் பக்கம் இழுக்கும். மடிப்பு நிமிர்ந்து, நூறு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் தானாக வாய்க்காலில் கொட்டிவிடும். சாலைக் கவிழ்க்கத் தனி ஆள் வேண்டாம், வால்வு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. இரண்டு கயிற்றின் நீள வித்தியாசம்தான் மொத்த கட்டுப்பாடும். இவ்வளவு குறைவான பாகங்களை வைத்து இவ்வளவு சுத்தமாக ஒரு ஆட்டோமேஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மடங்கவில்லை என்றால் இது வேலையே செய்யாது. பின்னாளில் சால் இரும்புத் தகட்டுக்கு மாறிய இடங்களிலும் அடியில் அந்தக் குழாயை மட்டும் தோலிலேயே வைத்துக்கொண்டார்கள்.

பலவீனமும் தோலில்தான். ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய தோல், நாள் பூராவும் தண்ணீரில் முங்கி முங்கி எழுந்தால் பட்டைச்சாறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். இரவில் காயும், காலையில் நனையும், மடிப்பில் வெடிக்கும். அடிக்கடி தைக்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும், கடைசியில் மாற்ற வேண்டும்.

இதைக் கவனித்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன். சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் (கல்லூரி அப்போது சேப்பாக்கத்தில் இருந்தது, கிண்டிக்குப் போனது பிறகு). சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்ததும் அவர்தான். 1884இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமிய உப்பு வைத்துத் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அந்தத் தோலில் குரோமியம் நாரோடு பிணைந்துவிடும், தண்ணீரில் கரைந்து வெளியே வராது. வாரக்கணக்கில் ஆகிற வேலையும் குறுகிவிடும். சாட்டர்ட்டன் 1903 வாக்கில் சென்னை ஓவியப் பள்ளியில் குரோம் தோல் சோதனையைத் தொடங்கினார். இன்றைக்கு குரோம் தோல் என்றால் ஷூ, ஹேண்ட்பேக்தான் ஞாபகம் வரும். அவருடைய முக்கியமான நோக்கங்களில் ஒன்று கவலைச் சால். நம்ம விவசாயியின் மடக்கு வாளி இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாக உழைக்கணும் என்பதற்காக, அன்றைய புத்தம்புது வேதியியல் சென்னைக்கு வந்தது.

1910இல் லண்டனிலிருந்து இந்தியச் செயலர் மார்லி, அரசே தொழில் நடத்தக் கூடாது என்று எழுதினார். அரசின் குரோம் தோல் வேலை அதோடு கைமாறியது. தனியார் கையில் அந்தத் தொழில் வளர்ந்தது. பல்லாவரத்தை ஒட்டி எழுந்த குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பேர். தினமும் ரயிலில் அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு வேதிப்பொருளின் பேர் என்று தெரியுமோ.

அதே சாட்டர்ட்டன் அதே ஆண்டுகளில் எண்ணெய் என்ஜின் வைத்த பம்பையும் கிணறுகளில் பூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் தோல் சாலுக்கு ஆயுள் கூட்டினார், மறு கையால் அதை ஒழிக்கப்போகும் எந்திரத்தைக் கொண்டுவந்தார். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எது முதலில் ஜெயிக்கும் என்று தெரியாதபோது இரண்டையும் செய்து பார்ப்பதுதான் எஞ்சினியர் புத்தி.

பம்புதான் ஜெயித்தது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது, கோவைக்குக் கரண்ட் வந்தது, மில்லுக்குப் பின்னால் கிணறுகளுக்கும் வந்தது, கோவையே பம்பு செய்கிற ஊரானது. 1960, 70களில் கவலை ஒவ்வொரு தோட்டமாக நின்றுபோனது. மாடும் மனிதனும் பட்ட பாடு குறைந்தது, அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் சாலைத் தைத்தவர்கள் என்ன ஆனார்கள்? கொங்கில் அந்த வேலையைச் செய்தவர்கள் அருந்ததியர், ஊர் வழக்கில் மாதாரி. செத்த மாட்டை எடுப்பதும் தோலை உரிப்பதும் பதப்படுத்துவதும் அவர்கள் தலையில். பதிலுக்குச் சால், செருப்பு, வார் எல்லாம் பண்ணையத்துக்குச் செய்து கொடுக்க வேண்டும், அறுவடையில் தானியமாகக் கூலி கிடைக்கும். அவர்கள் கை பட்ட தண்ணீரை வாங்கிக் குடிக்காத வீடு, அவர்கள் தைத்த சாலில் ஏறிய தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிட்டது. எந்தக் கிணற்றுக்காகச் சால் தைத்தார்களோ அதே கிணற்றில் தங்கள் குடத்தை இறக்க அவர்களுக்கு உரிமை இல்லை. வயலுக்குத் தோல் ஆகும், வாய்க்கு ஆகாது. வடக்கே மஷக் தெருவெல்லாம் சுற்றியபோதும் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் தோல் வாளி நுழையாததற்குக் காரணம் இந்தத் தீட்டுக் கணக்குதான் என்று நினைக்கிறேன். கித்தானுக்கும் ரப்பருக்கும் அந்தச் சிக்கல் வரவில்லை.

பம்பு வந்ததும் தீட்டு போகவில்லை. போனது அந்த மக்களின் கைத்தொழில். தோலை எப்படி வெட்டணும், குழாயை எந்தச் சரிவில் தைக்கணும், மடிப்பு விழுகிற இடத்தில் தையலை எப்படி ஒதுக்கணும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கையில் இருந்த அறிவு. சாட்டர்ட்டனின் 'லிஃப்ட் இரிகேஷன்' புத்தகம் நம்மிடம் இருக்கிறது. தைத்தவர்கள் யாரும் புத்தகம் எழுதவில்லை, எழுத விடப்படவும் இல்லை. சிலிக்கான் வாளியில் கீல் எங்கே விழணும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வரைகிறவர் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். அவருக்கு டிசைனர் என்று பேர்.

கவலையின் பாகங்களுக்கான பெயர்களை ஊர்வாரியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தோல் குழாய்க்கு மட்டும் வால், தும்பி என்று இடத்துக்கு இடம் வேறு பேர் வருகிறது. உங்க வீட்டில் எழுபது வயசுக்கு மேற்பட்டவர்கள் யாராவது கவலை ஓட்டியிருந்தால், அதைவிட முக்கியமாக, சால் தைத்திருந்தால், அந்தக் குழாயை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஊர்ப் பேரும் சேர்த்து.